கோதுமை நீக்கிய பத்தியம் ஏழைக்கு எட்டாததா?

(நூலாலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஞாயிறு மாலை நடந்த கூட்டத்தில் நாம் பேசியது)



கூட்டம் என்று அழைத்துவிட்டு, இவர்கள் சோற்றைப் பற்றியும் கூழைப் பற்றியும் மாவு மில்லைப் பற்றியும் பேச வந்திருக்கிறார்களே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நமக்கு வைத்தியப் பட்டம் யாதொன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்ததும் சொற்பமே. கிடைத்த புஸ்தகங்களைப் படித்தும், விஷயம் தெரிந்தவர்களைத் தொந்தரவு செய்து கேட்டும் அறிந்துகொண்டதைத்தான் இங்கு சொல்லப்போகிறோம். ஆகவே நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் அறிவைக்கொண்டு ஆலோசித்து, டாக்டரிடமும் கேட்டுச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

இதைப் பேசவேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு குடும்பம். இங்கிருந்து வெகுதூரமில்லாத ஓர் ஊரில் இருக்கிறார்கள். தாய் நூலாலையில் ஷிப்டு வேலை செய்பவர். தகப்பனார் கொத்து வேலைக்குப் போகிறவர். தகப்பனாரைப் பெற்ற பாட்டி ஒருவர் வீட்டில் இருக்கிறார். ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்கு இரண்டு வருஷமாக வயிறு உப்பிக்கொண்டு, கைகால் குச்சியாய்ப் போய், அடிக்கடி பேதியும் வாய்ப்புண்ணுமாக இருந்தது. வகுப்பில் தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு முன்வரிசையில் உட்காரவைக்கும்படியாக வளர்த்தியே நின்றுவிட்டது. முகத்தில் ரத்தமில்லை. பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் கொடுத்தார்கள். தாயத்துக் கட்டினார்கள், மந்திரித்தார்கள். குழந்தைக்குத் தெம்பு வேண்டுமே என்று கடன் வாங்கி டப்பா டப்பாவாக மால்ட் பானத் தூளும், பாக்கெட் பாக்கெட்டாகப் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தார்கள். தகப்பனாருக்குச் சர்க்கரை வியாதி கண்டதிலிருந்து இரவில் வீட்டுக்கெல்லாம் சப்பாத்தி. குழந்தைக்கும் அதுதான்.

கோடை விடுமுறை வந்தது. குழந்தையைத் தாய்வழிப் பாட்டி ஊருக்கு அனுப்பினார்கள். அது வானம் பார்த்த பூமி. அங்கே காலையில் கம்பங்கூழ், மத்தியானம் சோறு, இரவிலும் சோறு. கடைப்பண்டம் வாங்கச் சைக்கிளில் நான்கு மைல் போகவேண்டும். இரண்டு மாதத்தில் பேதி நின்றது, குழந்தை ஓடியாட ஆரம்பித்தது. உடனே பேர் யாருக்குப் போயிற்று என்று நினைக்கிறீர்கள்? அந்த ஊர் அம்மனுக்குப் போயிற்று! முடி இறக்கியதால்தான் குணமாயிற்று என்றார்கள். ஜூன் மாதம் ஆலை ஊருக்குத் திரும்பினாள். தீபாவளிக்குள் பழைய நிலைமை வந்துவிட்டது. இப்போது அதற்கும் காரணம் சொன்னார்கள். ஆடு வெட்டுவதாக வேண்டிக்கொண்டு சேவலோடு நிறுத்திவிட்டார்களாம், அதனால் அம்மனுக்குக் கோபமாம்! குணமானாலும் அம்மன், கெட்டாலும் அம்மன். நடுவில் குழந்தை என்ன தின்றது என்று ஒருவராவது கேட்கவில்லை.

நாம் கேட்டோமா? நாமும் கேட்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். "இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் கொடுங்கள்" என்று சொல்லிவந்த புத்திசாலிகளில் நாமும் ஒருவர். கடைசியில் ஓர் இளம் பெண் டாக்டர்தான், "பாட்டி ஊரில் என்ன சாப்பிட்டாய், இங்கே என்ன சாப்பிடுகிறாய்?" என்று குழந்தையையே கேட்டார். பிறகு ரத்தப் பரீட்சை செய்து, வாய்வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் கடுகளவு சதை எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய் என்று தெரிந்தது.

இது என்ன வியாதி?

கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் விட்டு அலசிக்கொண்டே இருந்தால், மாவுப் பால் எல்லாம் போனபின் ரப்பர் போன்ற ஒரு பசை கையில் மிஞ்சும். அதற்குக் குளூட்டன் என்று பெயர். பரோட்டா மாவை வீசி இழுக்கிறபோது கிழியாமல் வருவது இதனால்தான். வாற்கோதுமை என்கிற பார்லியிலும், ரை என்கிற மேல்நாட்டுத் தானியத்திலும் இந்த ஜாதிப் பசை உண்டு. பெரும்பாலோருக்கு இதனால் யாதொரு கெடுதியும் இல்லை. ஆனால் பிறவியிலேயே ஒருவிதமான உடற்கூறு அமைந்த சிலருக்கு இது உள்ளே போனதும், உடம்பைக் காக்கவேண்டிய சக்தியே குடலைத் தாக்க ஆரம்பிக்கிறது. சிறுகுடலின் உட்புறத்தில் கம்பளி விரிப்பின் மயிரைப்போல் லட்சக்கணக்கான நுண்ணிய உறிஞ்சிகள் இருக்கின்றன. சாப்பிட்ட சத்தை ரத்தத்தில் சேர்ப்பவை அவைதாம். அவை தேய்ந்து மொட்டையாகிவிட்டால், எவ்வளவு தின்றாலும் ஓட்டைக் குடத்தில் வார்த்த தண்ணீர்தான். இரும்புச்சத்து மாத்திரை அந்தக் குழந்தைக்குப் பலிக்காததற்கும் காரணம் இதுவே.

இது எவ்வளவு பேருக்கு வருகிறது என்றால், 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் இந்த வியாதிக்கான ரத்தக் குறியை வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவராகவும் கண்டார்கள். நம் பக்கத்தில் குறைவுதான். அதற்காக வயிற்றுப்போக்கு எல்லாம் இதுதான் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பூச்சி, கெட்ட தண்ணீர், குடல் காசம் ஆகியவையே நம்மிடையே அதிகம். ஆனால் எத்தனை வைத்தியம் செய்தும் தீராத பேதி, மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை, நின்றுபோன வளர்த்தி, அடிக்கடி கருச்சிதைவு இவைகளைக் கண்டால் இதையும் ஒரு முறை பரீட்சித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டி.டி.ஜி. என்னும் ரத்தப் பரீட்சை அதற்கென்றே இருக்கிறது. ஒருவருக்கு இருந்தால் அவரைப் பெற்றவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும். ஆகையால் அவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னும் ஒரு விஷயம், இதை மட்டும் மறக்கவேண்டாம்: பரீட்சைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கி, வியாதி இருந்தும் இல்லை என்று பரீட்சை சொல்லிவிடும்.

வாழைப்பழத்துக்குக் கிடைத்த பேர்

காரணத்தை மாற்றிச் சொல்லுவது நம் பாட்டிமார்கள் மட்டும் செய்கிற காரியமல்ல. 1888-ஆம் ஆண்டில் லண்டனில் சாமுவேல் ஜீ என்ற டாக்டர் இந்த வியாதியை மிகத் தெளிவாக வர்ணித்து, ஆகாரத்தால்தான் குணமாகும் என்று எழுதினார். வெகு சரி. ஆனால் அவர் போட்ட பத்தியம் என்ன தெரியுமா? அரிசியும் ஜவ்வரிசியும் கூடாது, மெல்லியதாக நறுக்கி நன்றாக வாட்டிய ரொட்டி கொடுக்கலாம் என்பதாகும்! நல்லதைத் தள்ளிவிட்டு விஷத்தை வாட்டிக் கொடுத்தார். பின்பு 1924-இல் அமெரிக்காவில் ஹாஸ் என்ற டாக்டர் வாழைப்பழ வைத்தியம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ரொட்டியையும் மற்றத் தானியங்களையும் நிறுத்திவிட்டு வாழைப்பழமாகக் கொடுத்தார். குழந்தைகள் பிழைத்தார்கள். வாழைப்பழத்தில் ஏதோ மகிமை இருக்கிறது என்று வெகுகாலம் ஜனங்கள் நம்பினார்கள். பிழைக்கவைத்தது தின்ற பழமல்ல, தின்னாத ரொட்டி என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

உண்மையைக் கண்டவர் டிக்கே என்ற டச்சு டாக்டர். ஹேக் நகரத்தில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்தவர். யுத்தத்துக்கு முன்பே அவருக்குக் கோதுமையின்மேல் சந்தேகம் உண்டு. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் வசம் இருந்த அந்நாட்டின் மேற்குப் பகுதியில் பெரும் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் ஜனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்று சாக வேண்டியிருந்த காலம். அப்பொழுது மற்றக் குழந்தைகள் இளைக்க, இந்த வியாதியுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்துவிட்டார்கள். டிக்கே இதை இத்தோடு விட்டுவிடவில்லை. ஒவ்வொரு மாவாகக் கொடுத்தும் நிறுத்தியும், குழந்தையின் மலத்தில் எவ்வளவு கொழுப்புச் சீரணமாகாமல் போகிறது என்று அளந்தும் பார்த்து 1950-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். 1952-இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் டாக்டர்கள் அது கோதுமையின் குளூட்டன்தான் என்று காட்டினார்கள்.

அந்த டச்சுப் பஞ்சமும் நம் குழந்தையின் பாட்டி ஊரும் ஒன்றுதான், தோழர்களே! ஊருக்கெல்லாம் தெரியும்படி உண்மை கண்ணெதிரே நடந்தது. அங்கே ஒருவர் அளந்து பார்த்தார். இங்கே நாம் ஆடா சேவலா என்று விவாதித்துக் கொண்டிருந்தோம்.

மருந்து இல்லை, பத்தியமே மருந்து

வியாதி தெரிந்த அன்று அந்தத் தாய் அழுதார். டாக்டர், ஆயுள் முழுவதும் கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி ஒன்றும் கூடாது, அதைத் தவிர மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார். வெளியே வந்தால் பெரிய கடையில் "குளூட்டன் இல்லாத" மாவு, பிஸ்கட், ரொட்டி என்று அடுக்கிவைத்து, சாதாரணப் பண்டத்தைவிடப் பல மடங்கு விலை போட்டிருக்கிறார்கள். "ஏனுங்கண்ணா, இது பணக்காரங்க வியாதிங்களா? நாங்க எப்பிடிங்க சமாளிக்கிறது?" என்று நம்மைக் கேட்டார்.

அந்தப் பாக்கெட்டில் ஒன்றை நாம் வாங்கி, அதன் முதுகில் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்தோம். அரிசி மாவு, மக்காச்சோள மாவு, மரவள்ளி மாவு! 2011-ஆம் ஆண்டிலிருந்து ரேஷன் கடையில் விலையில்லாமல் கொடுக்கப்படுகிற அரிசியையும், நம் காட்டில் விளைகிற மரவள்ளியையும் பளபளப்பான உறையில் போட்டு நமக்கே விற்கிறார்கள். கோதுமை ரொட்டியில்லாமல் சாப்பாடே இல்லாத தேசத்தாருக்கு அந்த மாவு வேண்டியிருக்கலாம். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் இந்த வியாதி கண்டவர்களுடைய பாடு உண்மையில் கஷ்டம்தான். மூன்று வேளையும் ரொட்டியாகிய வீட்டில் ஒருவருக்குமட்டும் வேறு சமைக்கவேண்டும். இட்லியும் சோறும் கூழும் தின்று வளர்ந்த நமக்கு அது எதற்கு?

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பருப்பு வகைகள், கிழங்குகள், காய், கீரை, முட்டை, மீன், கருவாடு, இறைச்சி இவை ஒன்றிலும் அந்தப் பசை கிடையாது. அதாவது நம் முன்னோர் ஏழைமையால் தின்றது அவ்வளவும் ஆகும். "கூழ் குடிக்கிறவன்" என்று ஏளனம் செய்து செய்து, பரோட்டாவும் பிஸ்கட்டும் தின்றால்தான் மரியாதை என்று நம் ஜனங்களை ஆக்கிவிட்டார்கள். இப்பொழுது ஐக்கிய நாடுகள் சபையார் 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியபின், அதே வரகையும் சாமையையும் கண்ணாடிக் கடையில் வைத்து அரிசியைவிட ஜாஸ்தி விலைக்கு விற்கிறார்கள்! அது கட்டுப்படியாகாவிட்டால் விட்டுவிடுங்கள். கேழ்வரகும் கம்பும் போதும். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. குடல் கெட்டதால் எலும்பு பலவீனப்பட்டவர்களுக்கு அது அவசியம். வெள்ளைச் சோற்றை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் பேதி நிற்கும், ரத்தம் ஊறாது. முருங்கைக்கீரை, வேர்க்கடலை, பருப்பு, முட்டை சேரவேண்டும். குடல் ஆறும்வரை சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. சில மாதம் கழித்துக் கொடுத்துப் பார்க்கலாம்.

நேரத்துக்கு எங்கே போவது?

பணத்தைவிட நேரந்தான் அந்த வீட்டில் பெரிய கஷ்டமாயிருந்தது. தாய் காலை ஷிப்டுக்கு ஐந்தரை மணிக்கே கிளம்பவேண்டும். பிஸ்கட்டும் ரொட்டியும் அந்த வீட்டுக்குள் நுழைந்ததே நேரமில்லாததால்தான். ஆகவே நேரத்தை மிச்சம்பிடிக்கிற வழியைச் சொல்லாமல் "இதைத் தின்னாதே, அதைத் தின்னாதே" என்று உபதேசம் செய்வது யோக்கியமல்ல.

எல்லாவற்றிலும் சுலபமானது பழைய சோறு. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் அடுப்பே மூட்டவேண்டாம். மோரும் சின்ன வெங்காயமும் போதும். அடுத்தது அவல். பத்து நிமிஷம் நனைத்து வெல்லமோ, தாளிப்போ சேர்த்தால் ஆகாரம். ஞாயிற்றுக்கிழமை நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு ஒரே தடவையாக ஆட்டிவைத்தால், குளிர்ப்பெட்டி இருக்கிற வீட்டில் நாலைந்து நாளைக்கு இட்லி, தோசை. இல்லாத வீட்டில் வாரத்தில் இரண்டு தடவை ஆட்டவேண்டும், வேறு வழியில்லை. கேழ்வரகைக்கூட மாவாக்காமல் முழுசாக ஊறவைத்து உளுந்தோடு ஆட்டித் தோசை வார்க்கலாம். மில்லுக்குப் போகிற வேலை மிச்சம். பள்ளிக்கூடப் பைக்குப் பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கடலை உருண்டை, பொரி உருண்டை, பொட்டுக்கடலை. இவை பிஸ்கட்டைவிட மலிவு, சத்தும் அதிகம்.

இவ்வளவையும் யார் செய்வது? தகப்பனார், "அவ பாத்துக்குவாளுங்க" என்றார். எட்டு மணிநேரம் ஆலையில் நின்றுவிட்டு வருகிற மனுஷி, வீட்டில் இன்னொரு ஷிப்டு பார்க்கவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? கரண்டி பிடித்தால் கொத்தனார் கை சுருங்கிவிடுமா என்று கேட்டோம். சிரித்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் அவர் பொறுப்பு, மாவு மில்லும் அவர் பொறுப்பு. பத்தியம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று தாராளமாய்ச் சொல்லலாம். அவருடைய சப்பாத்தியையும் நிறுத்தினார்கள். சர்க்கரையை ஏற்றுவதில் கோதுமைக்கும் அரிசிக்கும் நம் ஜனங்கள் நினைக்கிற அவ்வளவு பேதமில்லை, அளவுதான் முக்கியம் என்று டாக்டர் சொன்னார். அவர் கம்பும், குறைந்த அளவு சோறும், நிறையக் காயுமாக மாறிக்கொண்டார். வீட்டில் கோதுமையே இல்லாமற்போனதால் பாதி எச்சரிக்கை தேவையற்றதாகிவிட்டது. அப்படி நிறுத்த முடியாத வீட்டில் குழந்தைக்குத் தனித் தோசைக்கல், தனிச் சல்லடை வைத்து, அவளுக்கு வேண்டியதை முதலில் சமைத்து எடுத்துவிடுங்கள். சப்பாத்தி வாட்டிய இரும்புக் கல்லை எவ்வளவு தேய்த்தாலும் நிச்சயமில்லை.

ஒளிந்திருக்கும் கோதுமை

மூன்று மாதம் பத்தியம் இருந்தும் குழந்தைக்குப் பாதிதான் குணம். மறுபடி தேடினோம். இரண்டு இடத்தில் திருடன் அகப்பட்டான். ஒன்று மாவு மில். முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன இயந்திரத்தில் நம் கேழ்வரகைக் கொட்டினால், முதலில் விழுகிற மாவில் பாதி அவருடையது. காலையில் மில் திறந்து இயந்திரத்தைத் துடைத்ததும் முதல் ஆளாகப் போகவேண்டும், அல்லது மிளகாய், மல்லி, கோதுமை என்று எல்லாம் அரைக்காமல் அரிசிக்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கிற மில்லாகப் பார்க்கவேண்டும். அதுவும் முடியாதவர்கள் வீட்டு மிக்சியில் கொஞ்சங்கொஞ்சமாக அரைத்துச் சலித்துக்கொள்ளலாம். தானியத்தை முறத்தில் போட்டுப் புடைக்கும்போதே கலந்துவந்த கோதுமை மணி கண்ணுக்குத் தெரியும். பொறுக்கிவிட்டுக் கழுவி உலர்த்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது திருடன் பெருங்காயம்! ஆம் தோழர்களே, கடையில் விற்கிற கூட்டுப்பெருங்காயத்தில் பசையோடு மைதாவையோ அரிசி மாவையோ சேர்த்துத்தான் கட்டியாக்குகிறார்கள். மைதா சேர்த்ததாக இருந்தால், சாம்பார், ரசம், ஊறுகாய் எல்லாவற்றிலும் நாள்தோறும் துளித்துளியாகக் குழந்தைக்குக் கோதுமை போய்க்கொண்டிருக்கும். அரிசி மாவு சேர்த்ததாகப் பார்த்து வாங்கலாம், அல்லது பெருங்காயம் இல்லாமலே பூண்டும் சீரகமும் போட்டு ரசம் வைக்கலாம். யாரும் செத்துவிடவில்லை. இப்படியே சத்துமாவு என்று விற்பதில் பெரும்பாலும் கோதுமை இருக்கிறது. மால்ட் என்று பேர் வைத்த பானத் தூள்களில் பெரும்பாலானவை பார்லியால் ஆனவை. தெம்புக்கென்று கொடுத்தது எது என்று இப்போது தெரிகிறதா? திருநெல்வேலி அல்வா கோதுமைப் பால். ரவா தோசையில் ரவை. பஜ்ஜி கடலைமாவுதானே என்று நினைப்போம். அதே எண்ணெயில் முன்பு சமோசா பொரித்திருப்பார்கள்.

துளிதானே, துளி என்ன செய்யும் என்று கேட்பீர்கள். ஒரு துண்டு ரொட்டியில் இரண்டு கிராமுக்குக் குறையாமல் குளூட்டன் இருக்கும். தினம் 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு, மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் கெடுகிறது என்று பரீட்சித்துக் கண்டிருக்கிறார்கள். ஆகையால்தான் "குளூட்டன் இல்லாதது" என்று போடவேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டிலும் விதி செய்திருக்கிறார்கள்.

இதைப் பாட்டிக்குப் புரியவைப்பதற்குள் நமக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. கோயிலில் கொடுத்த ரவா கேசரியை அரைக் கரண்டி குழந்தை வாயில் ஊட்டிவிட்டு, "அது சாமி பிரசாதமுங்க கண்ணு, சாமி குடுத்தது என்னத்தப் பண்ணப்போகுது?" என்றார். மறுநாள் குழந்தைக்கு வயிற்றுவலி. படைத்த ரவை எது, படைக்காத ரவை எது என்று குடலுக்குத் தெரியாது. இது ஒரு மதத்தின் தொல்லை மட்டுமல்ல. 2017-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் சபையார், நற்கருணை அப்பத்தில் குளூட்டன் குறைவாக இருக்கலாம், அறவே இல்லாமலிருந்தால் செல்லாது என்று உலகத்திலுள்ள பிஷப்புமார்களுக்கெல்லாம் எழுதினார்கள். கடவுள் எல்லாம் வல்லவர், ஆனால் அரிசி அப்பத்தில் மட்டும் வரமாட்டார் போலிருக்கிறது!

பள்ளிக்கூட விஷயம் இதைவிட முக்கியம். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளுக்குப் பெரிய உபகாரம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் தொடங்கியபோது அறிவித்த பட்டியலில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, ரவைக் கிச்சடி என்றுதான் அதிகம் இருந்தது. எங்கோ ஒரு பிள்ளைக்கு அது ஆகாது. அந்தப் பிள்ளை பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும், அல்லது எல்லோரையும்போல் தின்றுவிட்டு நோயில் படுக்கும். தலைமையாசிரியரிடம் டாக்டர் சீட்டைக் காட்டிச் சொல்லிவைக்க வேண்டும், சமையல் செய்கிற அம்மாளிடம் நேரில் சொல்லவேண்டும், அந்த நாட்களில் வீட்டிலிருந்து இட்லி கொடுத்தனுப்பவேண்டும். இந்தப் பெண்ணின் ஆசிரியை, கேலி செய்த பிள்ளைகளை அழைத்துவைத்து விஷயத்தை விளக்கினார். அவ்வளவோடு கேலி நின்றது.

இன்னொரு பக்கத்துப் பைத்தியத்தையும் சொல்லவேண்டும். வியாதி ஒன்றுமில்லாதவர்கள், கோதுமை விஷம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, உடம்பு மெலியவேண்டும் என்று விலையுயர்ந்த பாக்கெட் தின்கிறார்கள். பிரசாதத்தை நம்பியது போய் பாக்கெட்டை நம்பியதுதான் மிச்சம். வியாதியில்லாதவர்கள் சப்பாத்தி தின்னுங்கள், யாரும் தடுக்கவில்லை.

கூட்டம் முடியும் சமயத்தில் ஒரு தோழர் எழுந்து, "டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள் என்கிறீர்கள், எங்களால் எப்படிப் படிக்கமுடியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கோதுமை சேர்ந்திருந்தால் அதை உறையில் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் விதி இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ போட்டால் போதும் என்பதுதான் சட்டம். தமிழ்நாட்டில் தமிழனுக்கு விற்கிற பெருங்காயத்தில் தமிழில் போடவேண்டுமென்ற கட்டாயமில்லை! இதற்காகக் கிளர்ச்சி செய்யவேண்டியது வேறு விஷயம். அதுவரைக்கும் ஒரு யுக்தி சொல்லுகிறோம். கோதுமைக்கு ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து, மைதாவுக்கும் ஐந்து எழுத்து, பார்லிக்கு ஆறு. பள்ளியில் படிக்கிற பிள்ளையிடம் ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிதாக எழுதி வாங்கிக் கடைக்கு எடுத்துப் போங்கள். அந்த எழுத்துக்கள் வரிசையாக உறையில் இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்தப் பாட்டி இப்போது அப்படித்தான் செய்கிறார். காகிதம் எழுதிக் கொடுத்தது பேத்தி.

அடுத்த ஞாயிறு இதே இடத்தில் கூடுகிறோம். வீட்டிலிருக்கிற பெருங்காய டப்பாவையும், சத்துமாவுப் பாக்கெட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் படித்துச் சொல்லுகிறோம்.